ஒற்றைக்கால் வீக்கம்

புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு உங்கள் அனுபவத்திலிருந்து ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று என்னிடம் கேட்டவள் யார் என்று உங்களுக்குத் தெரியும். இப்போது உங்களுக்கெல்லாம் தலைமை சிஸ்டராக இருப்பவள்தான். நான் ஓய்வு பெற்று எழுந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள், என் வீட்டுக்கே வந்து, என் கையால் போட்ட காப்பியைக் குடித்துவிட்டு, "நீங்க எழுதுனாத்தாங்க்கா நல்லாருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். ஒரு வேலை வாங்குவதைக்கூட இவ்வளவு அழகாகச் செய்ய வேண்டுமா என்று எனக்கு அன்றைக்கே எரிச்சல் வந்தது.

அவள் பெயரை இதில் எழுதப் போவதில்லை. பெயர் போட்டால் அதிலும் ஒரு பெருமை அவளுக்குப் போய்ச் சேரும். அவள் என்றே எழுதுகிறேன்.

எனக்கு அவள்மேல் பொறாமை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் சொல்லப்போகிற சம்பவத்தில் பாதி அந்தப் பொறாமையால் நடந்தது. அதற்காக நான் வருத்தப்படுவதாகவோ திருந்திவிட்டதாகவோ நினைத்துக்கொள்ள வேண்டாம். இன்றைக்கும் ரத வீதியில் யாராவது என்னை நிறுத்தி, அந்தச் சின்ன சிஸ்டர் சௌக்கியமா என்று கேட்டால் வீடு வந்து சேரும்வரை எனக்கு மனசு ஆறுவதில்லை. எதிரே நிற்கிற நான் சௌக்கியமா என்று ஒரு ஆளாவது கேட்க வேண்டாமா?

ஊசி போடுவது, டிரிப் ஏற்றுவது எல்லாம் நீங்கள் படித்துவிட்டு வந்ததுதான். நான் கால் வீக்கத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். சங்கரன்கோவிலில் நர்ஸ் வேலை பார்க்கிற யாரும் அதனிடமிருந்து தப்ப முடியாது. விசைத்தறி முன்னால் நாள் முழுக்க நிற்கிறவர்கள், துணிக்கடையில் உட்கார நாற்காலி இருந்தும் உட்காரத் தயங்குகிற பெண்கள், கிராமத்திலிருந்து பஸ்ஸில் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு வருகிறவர்கள் என்று சாயங்காலம் ஆனால் வரிசை கட்டிவிடும். செருப்பு கடிக்கிறது, கொலுசு பதிகிறது, விரலால் அமுக்கினால் குழி விழுகிறது என்பார்கள். டாக்டர் பார்த்து, இருதயம், கிட்னி எல்லாம் நன்றாக இருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை என்று அனுப்பியவர்களுக்குச் சாப்பாடும் பழக்கமும் சொல்லிக் கொடுத்து அனுப்புவது என் பொறுப்பாக இருந்தது.

நான் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிப்பேன். உப்பைக் குறையுங்கள். படுக்கும்போது காலடியில் தலையணை வைத்து நெஞ்சைவிட உயரமாகத் தூக்கி வையுங்கள். ஒரே இடத்தில் நிற்காதீர்கள், ஒரே இடத்தில் உட்காரவும் செய்யாதீர்கள். பாதத்தை மேலும் கீழும் ஆட்டுங்கள். இறுக்கமான கொலுசைக் கழற்றுங்கள். எல்லாரும் தலையை ஆட்டிவிட்டுப் போவார்கள். அடுத்த வாரம் அதே காலோடு வருவார்கள். நான் கத்துவேன். அவர்கள் மறுபடியும் தலையை ஆட்டுவார்கள்.

அப்போதுதான் அவள் வேலைக்கு வந்தாள். வந்த புதிதிலேயே ஒரு குட்டி ஸ்டூலை எங்கிருந்தோ எடுத்துக்கொண்டு வந்து, அதில் உட்கார்ந்து, வந்தவர் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். உப்பு என்ற சொல்லையே எடுக்கவில்லை. காலையில் பழைய சோற்றுக்கு என்ன தொட்டுக்கொண்டீர்கள் என்று கேட்டாள். மோர்மிளகாயும் ரெண்டு துண்டு கருவாடும் என்றார்கள். மத்தியானம்? அப்பளம். ராத்திரி? ஊறுகாய். இவள் அந்தக் காலையே பார்ப்பாள். அவர்களே, "அப்ப இதெல்லாந்தான் காலுக்கு எறங்கியிருக்கு" என்று கண்டுபிடித்துவிடுவார்கள். கருவாட்டை விடச் சொல்ல மாட்டாள். கருவாடு வைக்கிற அன்றைக்கு அப்பளமும் ஊறுகாயும் வேண்டாம் என்று பேரம் பேசுவாள். காலை உயர்த்தி வையுங்கள் என்று நான் சொன்னதை அவள் எப்படிச் சொன்னாள் தெரியுமா? சீரியல் பார்க்கும்போது தரையில் பாயை விரித்துப் படுத்துக்கொண்டு காலைத் தூக்கிச் சோபாவில் போடுங்கள், விளம்பரம் வரும்போதெல்லாம் பாதத்தை ஆட்டுங்கள் என்றாள். தறிக்காரர்களுக்கு, தறி ஓடிக்கொண்டிருக்கும்போதே குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கச் சொல்லி, தானே எழுந்து நின்று செய்து காட்டினாள்.

அத்தனை பேரும் கேட்டார்கள். அத்தனை பேருக்கும் வீக்கம் வற்றியது. நான் சொன்னதும் இதைத்தானே? வருடக்கணக்கில் தொண்டை வறளச் சொன்னேனே. இப்போது ஆட்கள் என் மேஜையைத் தாண்டிக்கொண்டு போய் அவள் ஸ்டூலுக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். அவளுக்கு லீவு என்றால், நாளைக்கு வருவார்களா என்று என்னிடமே கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார்கள். அன்றைக்கெல்லாம் என் வீட்டில் யாரும் என்னிடம் பேச முடியாது.

இதில் நான் அவளிடமிருந்து திருடிய ஒரு விஷயம் உண்டு. ஒரு தறிக்காரர். இரண்டு பாதமும் பொதபொதவென்று இருக்கும். நான் உப்பைக் குறைக்கச் சொல்லி, அவர் மனைவியையும் கூப்பிட்டு வைத்துத் திட்டி, வீட்டில் கிட்டத்தட்ட உப்பில்லாத சோறு தின்ன ஆரம்பித்தும் வற்றவில்லை. நீங்கள் திருட்டுத்தனமாக ஊறுகாய் தின்கிறீர்கள் என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னேன். மனிதர் அவமானப்பட்டுப் போனார். அவள் அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், அட்டைகளை எல்லாம் எடுத்து வாருங்கள் என்றாள். பிரஷருக்கு அவர் சாப்பிட்ட மாத்திரை ஒன்று சில பேருக்குக் காலை வீங்க வைக்கும். டாக்டரிடம் சொன்னாள், டாக்டர் வேறு மாத்திரை எழுதினார். கொஞ்ச நாளில் அவர் கணுக்கால் எலும்பு வெளியே தெரிந்தது. எலுமிச்சைக்குப் பேர்போன புளியங்குடியில் மகள் வீடு அவருக்கு. ஒரு பை நிறைய எலுமிச்சம்பழம் கொண்டுவந்து அவள் மடியில் கொட்டினார். அவள் எனக்கும் நாலு பழம் தந்தாள். நான் அதைப் பிழிந்து குடிக்கவில்லை, எதிர்வீட்டுக்காரிக்குக் கொடுத்துவிட்டேன். ஆனால் மாத்திரையைப் பற்றிக் கேட்க வேண்டும் என்பதை மட்டும் மனசுக்குள் முடிந்துவைத்துக்கொண்டேன். பொறாமைக்காரியின் காது எதையும் தவறவிடாது.

இனி ஆடி மாதத்துக் கதைக்கு வருகிறேன்.

உங்களில் வெளியூர்ப் பிள்ளைகளும் இருக்கிறீர்கள். கோமதியம்மன் ஒற்றைக்காலில் நின்று தபசு செய்கிற ஊர் இது. ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கொடியேறிவிட்டால் சனங்கள் கோயிலைச் சுற்றிச் சுற்றி நடக்க ஆரம்பித்துவிடும். ஆடிச்சுற்று என்று பெயர். நம்முடைய கால் வலித்தால் அம்மனுடைய கால் வலியில் ஒரு பங்கை நாம் வாங்கிக்கொண்டோம் என்று நம்பிக்கை. அதனால் மற்ற மாதங்களில் கால் வீங்கினால் பதறி ஓடி வருகிற ஊர், ஆடியில் வீங்கினால் பெருமைப்படும். யாராவது ஊசிக்கோ பிள்ளைக்குக் காய்ச்சலுக்கோ வரும்போதுதான் அந்தக் காலை நாம் பார்ப்போம். குறைத்துக்கொள்ள வழி சொன்னால், இருக்கட்டும் சிஸ்டர் என்பார்கள். நான் அதைக் கேலி செய்ய மாட்டேன். நானும் சுற்றியவள்தான். நீங்களும் கேலி செய்யாதீர்கள், சுற்று முடித்த ராத்திரி காலைத் தூக்கி வைத்துப் படுங்கள், நடக்கும்போது தண்ணீர் குடித்துக்கொண்டே நடங்கள் என்று மட்டும் சொல்லுங்கள்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தின வருடம், தபசுக்கு முதல் நாள் மத்தியானம். தெருவெல்லாம் கூட்டம். மேலநீலிதநல்லூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து இரண்டு பெண்கள் வந்தார்கள். அண்ணன் தம்பியைக் கட்டிய ஓரகத்திகள். மூத்தவள் பேச்சியம்மாள். இளையவள் ஆவுடை. பேச்சியம்மாளுக்குத் தலைசுற்றல், பிரஷர் பார்க்க வந்திருந்தாள். கூடவந்த ஆவுடைதான் நடக்க முடியாமல் நடந்து வந்தாள்.

அவர்கள் இருவருக்கும் நடுவில் இருந்ததைப் புரிந்துகொள்ள எனக்கு அதிக நேரம் ஆகவில்லை. போன வருடம் பேச்சியம்மாள் சுற்றினாள். சுற்றி முடித்த சில மாதத்தில் அவள் மகளுக்கு நல்ல இடத்தில் கல்யாணம் முடிந்தது. ஆவுடையின் மகளுக்கோ வருகிற இடமெல்லாம் தட்டிக்கொண்டே போனது. அதனால் இந்த வருடம் ஆவுடை சுற்றுகிறாள், அக்காவைவிட அதிகமாக. இதைப் பேச்சியம்மாளே என்னிடம் பிரஷர் பார்க்கும்போது சொன்னாள். சொல்லிவிட்டுக் குரலை இறக்கி, "எனக்கு போன வருசம் ரெண்டு காலும்லா வீங்குச்சு. அவளுக்கு ஒத்தக்காலுதான் வீங்கியிருக்கு. அம்மனே எறங்கிட்டான்னு ஊரே சொல்லுது சிஸ்டர்" என்றாள். அந்தக் குரலில் பக்தியும் இருந்தது, வயிற்றெரிச்சலும் இருந்தது. ஆவுடை அந்தக் காலைப் போட்டோ எடுத்து வாட்ஸப் ஸ்டேட்டஸில் வைத்திருந்தாளாம்.

இதைக் கேட்டதும் எனக்குச் சுருக்கென்றிருக்க வேண்டும் அல்லவா? இல்லை. நான் அப்போது பேச்சியம்மாள் சொன்னதைப் பாதிக் காதால்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். என் கண் அறையின் மறுபக்கத்தில் இருந்தது. அங்கே ஆவுடை, எல்லாரையும் போல, என்னிடம் வராமல் அவள் ஸ்டூலுக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தாள். இடது காலைத் தூக்கி அவள் மடியில் வைத்திருந்தாள். வலது கால் சேலைக்குள் இருந்தது. இடது காலில் கோயில் பிரசாதமான புற்றுமண்ணைக் குழைத்துப் பூசியிருந்தாள். இவள் அந்தப் பாதத்தைப் பிடித்துக்கொண்டு மோர்மிளகாய் கதையைக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஆவுடை சிரித்தாள். இவளும் சிரித்தாள். அவ்வளவு கூட்டத்திலும் அங்கே மட்டும் ஒரு கல்யாண வீடு நடக்கிற மாதிரி இருந்தது. எங்கே தப்பு செய்கிறாய் பார்க்கிறேன் என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அதுதான் உண்மை. நோயாளியை நான் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தேன்.

பேசி முடித்து ஆவுடை எழுந்து செருப்பைப் போட்டாள். வலது பாதம் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது, கொஞ்சம் தளர்ந்தே கிடந்தது. இடது பாதம் வாருக்குள் நுழையவே இல்லை. அவள் குனிந்து இழுத்துப் பார்த்தாள், முகம் சுளித்தாள், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

ஸ்டூல்காரி தவறவிட்டுவிட்டாள். மடியில் ஒரு கால்தான் இருக்க முடியும். ஒரு காலையே பார்த்துக்கொண்டிருந்தால் அது எவ்வளவு வீங்கியிருக்கிறது என்று தெரியும், ஒற்றைக்கால் மட்டும்தான் வீங்கியிருக்கிறது என்பது மனசில் தைக்காது. எனக்கு வந்த சந்தோஷத்தை எழுத எனக்கு வெட்கமில்லை. இத்தனை வருடத்தில் முதல் தடவையாக அவள் தப்பு செய்து, அதை நான் பார்த்திருக்கிறேன். அந்தச் சந்தோஷம் ஆவுடையை நில் என்று சொல்லி, கட்டிலில் உட்காரவைத்து, இரண்டு காலையும் பக்கத்தில் பக்கத்தில் நீட்டச் சொல்லும்வரைதான் இருந்தது.

இடது கெண்டைக்கால் வலதைவிட நன்றாகவே பருத்திருந்தது. டேப் வைத்து இரண்டையும் அளந்தேன், கண் பொய் சொல்லவில்லை. புற்றுமண்ணைத் துடைக்கப் போனால் சண்டை வரும் என்று தெரியும், அதனால் துடைக்கவில்லை. பூசாத இடத்தில், முட்டிக்குக் கீழே, புறங்கையை வைத்தேன். சுட்டது. வலது காலில் வைத்தேன், குளிர்ச்சியாக இருந்தது. பின்பக்கம் லேசாகத் தொட்டதற்கே பல்லைக் கடித்தாள். ராத்திரி வீட்டுக்காரர் எண்ணெய் போட்டு நீவிவிட்டார் என்றாள். இனி ஒருத்தரும் அந்தக் காலை நீவக் கூடாது என்றேன்.

இரண்டு காலும் ஒன்றுபோல வீங்கினால் நடையும் உப்பும் மாத்திரையும் என்று யோசிக்கலாம், நேரம் இருக்கிறது. ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி, சூடாக, வலியோடு இருந்தால் உள்ளே ரத்தம் கட்டியிருக்குமோ என்று பயப்பட வேண்டும். அங்கே தலையணையையும் கருவாட்டையும் பற்றிப் பேசிக்கொண்டிருக்கக் கூடாது.

நடந்ததற்கு மட்டும் இப்படி வருமா என்று எனக்கு உறுத்தியது. திருடி வைத்திருந்த கேள்வி அப்போது ஞாபகம் வந்தது. பேச்சியம்மாளை ஒரு இளநீர் வாங்கி வரச் சொல்லி வெளியே அனுப்பினேன். கதவைச் சாத்தினேன். மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாயா என்று ஆவுடையிடம் கேட்டேன். இல்லை என்றாள். மாதத்தீட்டு தள்ளிப்போக ஏதாவது வாங்கிப் போட்டாயா என்றேன்.

அவள் கதவைப் பார்த்தாள். "அக்காவுக்குத் தெரியக்கூடாது" என்றாள்.

போன வருடம் பேச்சியம்மாளுக்கு நடுவில் தீட்டு வந்து சில நாள் சுற்று நின்றுபோனதாம். ஆவுடைக்கு அப்படி ஆகக்கூடாது. கொடியேற்றத்துக்கு முந்தியே மெடிக்கல் கடையில் மாத்திரை வாங்கி ஆரம்பித்தவள், யாரையும் கேட்காமல் தொடர்ந்து போட்டுக்கொண்டே இருக்கிறாள். இப்படி ரத்தம் கட்டுவதற்கு அந்த மாதிரி மாத்திரையும் ஒரு காரணமாகலாம் என்று நாம் படித்திருக்கிறோம். நம் ஊரில் விசேஷம் வந்தால் இந்த மாத்திரை வெற்றிலை பாக்கு மாதிரி விற்கும். சாமி காரியம் என்பதால் எந்தப் பெண்ணும் இதை மாத்திரை என்றே நினைப்பதில்லை. மாத்திரை சாப்பிடுகிறாயா என்று கேட்டால் இல்லை என்பாள், அவளைப் பொறுத்தவரை அது பொய்யும் இல்லை. கூட இருப்பவர்களை வெளியே அனுப்பிவிட்டு, அந்த மாத்திரையைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

டாக்டர் வந்து பார்த்தார். தொட்டவுடன் முகம் மாறியது. அந்த மாத்திரையை இந்த நிமிடமே நிறுத்த வேண்டும், உடனே திருநெல்வேலிக்குக் கொண்டுபோய் ஸ்கேன் எடுக்க வேண்டும், கட்டி நகர்ந்து நெஞ்சுக்குப் போய்விட்டால் ஒன்றும் செய்ய முடியாது, ஒரு அடிகூட நடக்கக் கூடாது என்றார். உள்ளே ஒரு பிரசவம் அவருக்காகக் காத்திருந்தது. சொல்லிவிட்டுப் போனார். சம்மதிக்க வைப்பது எங்கள் தலையில் விழுந்தது.

ஆவுடை சம்மதிக்கவில்லை. தபசு முடியட்டும், மிச்சச் சுற்றை முடித்துவிட்டு நானே வருகிறேன் என்றாள். நான் அதட்டினேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். "அம்மன் ஒத்தக்கால்ல நிக்கா. எனக்கும் ஒத்தக்காலுதான் குடுத்திருக்கா. அத ஊசி போட்டு எறக்கச் சொல்லுதியளா சிஸ்டர்?" என்றாள்.

பிறகு ஸ்டூல்காரி முயற்சி செய்தாள். தரையில் உட்கார்ந்து ஆவுடையின் கையைப் பிடித்துக்கொண்டாள். தான் கவனிக்காமல் விட்டது அவளுக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் அந்தக் குரல் மாறவில்லை. அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள், அவளும் பெண்தானே, இவ்வளவு நடந்ததே போதும் என்று இதமாகச் சொன்னாள். தன் பிள்ளையிடம் பேசுவதைப் போலப் பேசினாள். ஆவுடை அழுதாள். இவள் கண்ணைத் துடைத்துவிட்டாள். அழுது முடித்து ஆவுடை செருப்பைக் கையில் எடுத்தாள். ஊரையே கேட்க வைத்த அந்தப் பேச்சு அன்றைக்குத் தோற்றது.

ஜன்னல் வழியாகப் பேச்சியம்மாள் இளநீரோடு தெருவைக் கடந்து வருவது தெரிந்தது. கூட்டத்தில் யாரோ நிறுத்தி அவளிடம் சிரித்துப் பேசினார்கள். ஆவுடை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கால் வலி, அழுகை எல்லாம் மறந்து அதை மட்டும் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். பல வருடமாக இந்த அறையின் மூலையில் இருந்து நான் பார்த்துக்கொண்டிருந்த பார்வை அது. ஆவுடையை எப்படிக் கிளப்புவது என்று எனக்கு அந்த நொடியில் தெரிந்துவிட்டது.

"ஏட்டி ஆவுடை, ஒனக்கு ஏதும் ஆயிட்டுன்னா, ஒம் மக கல்யாணத்துல தாயாரா யாரு நிப்பா?" என்றேன்.

அவள் திரும்பினாள்.

"ஒங்க அக்காதான் நிப்பா. ஒனக்குன்னு எடுத்த பட்டுச்சேலையக் கட்டிக்கிட்டு நிப்பா."

ஸ்டூல்காரி அதிர்ந்துபோய் என்னைப் பார்த்தாள். ஆவுடை என்னைப் பார்த்த பார்வையில் கொலை இருந்தது. கையில் இருந்த செருப்பைக் கீழே போட்டாள். வண்டி எங்கே நிற்கிறது என்று கேட்டாள்.

சக்கர நாற்காலியில் வைத்துப் பின்வாசல் வழியாக ஆம்புலன்ஸில் ஏற்றினோம். கூட யாராவது ஒரு சிஸ்டர் போக வேண்டும். ஓபியில் அவ்வளவு கூட்டம், உள்ளே பிரசவம், அனுபவம் உள்ள ஆள் ஒன்று இங்கே இருந்தாக வேண்டும். அதனால் அவளைப் போகச் சொன்னேன். சரியான முடிவுதான், இப்போது கேட்டாலும் அதையே செய்வேன். ஆனால் அதோடு என் கதை முடிந்தது. வழியெல்லாம் ஆவுடையின் கையைப் பிடித்துக்கொண்டு போனவள் அவள். ஸ்கேனில் தொடைவரை ரத்தம் கட்டியிருந்தது தெரிந்தபோது பக்கத்தில் நின்றவள் அவள். இன்னும் கொஞ்சம் நடந்திருந்தால் நெஞ்சுக்குப் போயிருக்கும், நல்ல நேரத்தில் கொண்டுவந்தீர்கள் என்று அங்கிருந்த டாக்டர் சொன்னது அவளிடம். ஊருக்குள் வந்து சேர்ந்த செய்தி என்ன? சின்ன சிஸ்டர் காலைத் தொட்டதுமே கண்டுபிடித்துவிட்டாள் என்பதுதான். இல்லை, அக்காதான் பார்த்தார்கள் என்று அவள் எல்லாரிடமும் சொன்னாள். அதையும் அவளுடைய பெரிய மனசு என்றே எடுத்துக்கொண்டார்கள். என்ன செய்ய முடியும், சொல்லுங்கள்.

ஆவுடை பிழைத்தாள். பல மாதம் மாத்திரை, காலுக்கு அழுத்தமான உறை, அடிக்கடி ரத்தப் பரிசோதனை. சுற்று பாதியில் நின்றுபோனது, ஆனாலும் மகளுக்கு இடம் அமைந்தது. நான் ஓய்வு பெற்ற பிறகு வந்த தை மாதம் கல்யாணம். சின்ன சிஸ்டரை ஆவுடையும் புருஷனும் வீட்டுக்குப் போய், தாம்பாளத்தில் பத்திரிகை வைத்து அழைத்தார்கள். எனக்கு, ஆஸ்பத்திரியில் எல்லாரும் வாருங்கள் என்று பொதுவாகச் சொன்னதில் ஒரு பங்கு கிடைத்தது. போகக்கூடாது என்று நினைத்தேன். ஆனால் போகாமல் இருக்கவும் மனசு கேட்கவில்லை.

மண்டபத்தில் அவளை மேடைக்குக் கூப்பிட்டு, மணமக்களுக்குத் திருநீறு பூசச் சொன்னார்கள். போட்டோ எடுத்தார்கள். நான் நாலாவது வரிசையில் உட்கார்ந்து அதைப் பார்த்தேன். ஒரு மனுஷிக்கு எத்தனை இடத்தில்தான் மரியாதை கிடைக்கும் என்று எனக்கு ஆற்றாமை. மேடையில் பேச்சியம்மாள் ஒரு ஓரமாகத் தாம்பாளத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மகளுக்குப் பக்கத்தில், தாயார் நிற்கவேண்டிய இடத்தில், அரக்குப் பட்டில் ஆவுடை நின்றாள்.

சாப்பாட்டுக்குப் போகும் வழியில் ஆவுடை என்னை மறித்தாள். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கவில்லை. முந்தானையை இழுத்து இடுப்பில் சொருகிக்கொண்டு, "சேல நல்லாருக்கா சிஸ்டர்?" என்றாள். நல்லாருக்கு என்றேன். "மாத்திர போடுத அன்னைக்கெல்லாம் ஒங்க சொல்லுதான் காதுல கேக்கும்" என்றாள். சிரிக்காமல்தான் சொன்னாள். அவள் என்னை இன்னும் மன்னிக்கவில்லை. நான் மன்னிப்புக் கேட்கவும் இல்லை. சில நேரம் இதமான சொல் தோற்று, சுடுகிற சொல் வேலை செய்யும். அதைச் சொல்கிற ஆளுக்கு மேடையில் இடம் கிடையாது. இதற்குத் தயாராக இருந்தால் சொல்லுங்கள், இல்லாவிட்டால் வேறு ஆளைக் கூப்பிடுங்கள். ஆனால் சொல்லாமல் மட்டும் அனுப்பிவிடாதீர்கள்.

பந்தியில் ஸ்டூல்காரி தேடி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் எதையோ எடுப்பதுபோல மேஜைக்கு அடியில் குனிந்தாள். என் இரண்டு கணுக்காலிலும் ஒரே நேரத்தில் அவள் கட்டைவிரல்கள் அழுத்தின. ஓய்வு பெற்றால் கால் வற்றும் என்று நினைத்திருந்தேன். நாள் முழுக்கச் சோபாவில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து இன்னும் கூடித்தான் போயிருந்தது. நிமிர்ந்து, "ரெண்டும் ஒண்ணுபோலத்தான் இருக்குக்கா" என்றாள். இப்போதெல்லாம் அவள் யாருடைய காலையும் ஒற்றையாகப் பார்ப்பதில்லை என்று உங்களில் யாரோ என்னிடம் சொன்னீர்கள்.

இலையில் சோறு விழுந்தது. பிசைந்துகொண்டே அவள் குரலைத் தணித்துக் கேட்டாள். "அன்னைக்கு நான் அவ்வளவு கெஞ்சுனேன், அவ அசையல. அந்தச் சொல்லு ஒங்களுக்கு எங்கேருந்துக்கா வந்துச்சு?"

இத்தனை வருடமாக யாரிடமும் சொல்லாததை, ரசம் வருவதற்குள் சொல்லிவிட்டேன். "ஒம்மேல எனக்குள்ள வயித்தெரிச்சல்லேருந்துதான் வந்துச்சு."

அவள் திரும்பி என்னைப் பார்க்கக்கூட இல்லை.

"தெரியும்க்கா" என்றாள். "ஒங்க எலையில கெடக்குற அந்த அப்பளத்த எடுத்து இங்கன போடுங்க."

போட்டேன்.